ரூனார் மூடாத பாதை

பிப்ரவரி இன்னும் முடியவில்லை, அதற்குள் அடுப்படி ஜன்னலில் ஒரு ஈ. டாக்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைச் சுருட்டி ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஈ தப்பித்து, விளக்கின் மேல் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டது.

தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண்ணோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். வசந்தம் இந்த வருஷம் முந்திக்கொண்டு வந்து நமக்கெல்லாம் பரிசு கொடுத்திருக்கிறதாம். நகரத்து ஜனங்கள் கடைத்தெருவில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் நக்குவதை வேறு காட்டினார்கள்.

"பரிசாம் பரிசு! நீயே வச்சுக்கடி!" என்று டாக்னி பெட்டியை அணைத்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் ரூனார் செவ்வாய்க்கிழமை இறந்துபோயிருந்தார். தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த ஆஸ்பத்திரியில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். இந்த வருஷம் ஜனவரியில் ஒரே ஒரு வாரம்தான் குளிர் குளிராக இருந்தது. அந்த வாரத்தில் கடல் இறுகியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷனை அந்த உறைந்த கடல்மேல்தான் டாக்னி காரில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தாள். வந்த ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. அதோடு சரி. கடல்மேல் பனி உளுத்துப்போய்விட்டது. காரைத் தாங்காது, மனுஷனைத் தாங்குமா என்பதும் சந்தேகம். ஆனால் படகு கிழித்துக்கொண்டு போக முடியாத அளவுக்குக் கனம் மட்டும் இருந்தது. கடைசி மூச்சு விடும்போது கையைப் பிடித்துக்கொள்ளக்கூட இந்த வெயில் அவளை விடவில்லை. அதை அவள் மன்னிப்பதாக இல்லை.

புதன்கிழமை ரூனாரின் அண்ணன் வால்டெமார் போன் செய்தார். எதிர்க்கரையில் பெரிய பண்ணை, மாதாகோயிலை ஒட்டியே குடும்பக் கல்லறை. பேச்சிலும் அந்தப் பண்ணையின் விஸ்தாரம் இருக்கும்.

"டாக்னி, மனசைத் தேத்திக்கம்மா. பாதிரியம்மாகிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை இங்கேயே அடக்கம் பண்ணிடலாம். எங்க அப்பா அம்மா பக்கத்துல."

"அவருக்கு இங்க குழி வெட்டியாச்சு. இந்த வருஷம் மண்ணுகூட உறையல, வெண்ணெய் மாதிரி இறங்குச்சு மண்வெட்டி. இங்கதான் வரணும்னு அவரே சொல்லியிருக்காரு."

"சொன்னான், சரி. எப்படி வருவான்? பறந்தா? கடலே முடிவு பண்ணிடுச்சும்மா. நாம என்ன செய்ய முடியும்?"

"கடல் யாருங்க எனக்கு முடிவு பண்ண? கடலுக்கா நான் கழுத்தை நீட்டினேன்?"

வால்டெமார் குரலைத் தணித்து, இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார். "உயிரோட இருந்தப்ப உங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டோம். வீட்டோட மாப்பிள்ளையா வந்து அங்கேயே கிடந்தான். செத்த பிறகாவது வீட்டுக்கு வரட்டுமே."

பாதிரியம்மா நல்ல மாதிரி. பிணவறையில் இடமில்லை, சனிக்கிழமைக்கு மேல் தள்ளிப்போட முடியாது, அதற்குள் நீங்கள் வந்தால் சவப்பெட்டி உங்களுடையது என்று சொல்லிவிட்டார். கடலோரக் காவல்காரர்களைக் கேட்டால், ஹெலிகாப்டர் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டு போர்யேயின் காற்றுப்படகு. பின்னால் பெரிய விசிறி வைத்த வண்டி அது. பனிமேலும் ஓடும், தண்ணீரிலும் ஓடும். டாக்னி போனபோது அதன் எஞ்சின் போர்யே வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் துண்டு துண்டாகப் பரப்பிக் கிடந்தது.

"இது என்ன கூத்து?"

"பிப்ரவரில எப்பவும் பிரிச்சுதானே துடைப்போம்?" போர்யே தலையைச் சொறிந்தார். "ஏப்ரல்லதானே இது வேணும். பிப்ரவரில கடல்மேல கார்தான் ஓடுமே, இதை யாரு கேப்பா? எங்க அப்பாவும் பிப்ரவரிலதான் பிரிச்சாரு. இதோ பாரு, ஒரு பாகம் வரணும், அது அந்தக் கரையில கிடக்கு."

அந்தக் கடற்கரைத் தீவுகளில் காற்றுப்படகு வைத்திருந்த ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் வீட்டு மேசையிலும் அன்றைக்கு எஞ்சின்தான். பிப்ரவரியை நம்பாமல் வேறு எதை நம்புவார்கள்?

"அப்ப சறுக்குப் படகை வெளிய எடு" என்றாள் டாக்னி.

போர்யேயின் மகள் லின்னேயா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஆட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்த படகு அது. அடியில் இரண்டு இரும்புச் சறுக்குப் பட்டைகள். பக்கத்துக்கு இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து, ஒரு முழங்காலைப் படகுக்குள் ஊன்றி, மற்றக் காலால் பனியை உதைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பனி உடைந்தால் படகுக்குள் விழுந்து துடுப்பை எடுக்க வேண்டும்.

"பாதை மூடியாச்சே, டாக்னி" என்று போர்யே இழுத்தார்.

"யாரு மூடினது?"

தீவில் ஒரு வழக்கம் உண்டு. கடல் உறைந்ததும் ஒருவர் போய்ப் பனியில் துளை போட்டு, எதிர்க்கரை வரைக்கும் ஜூனிப்பர் என்கிற பச்சைப் புதரின் கிளைகளை நட்டுக்கொண்டே போவார். அதுதான் பாதை. பருவம் முடிந்ததும் நட்டவரே வந்து, கரையில் ஒரு கிளையைக் குறுக்கே கிடத்துவார். கிடத்தினால் பிறகு ஒருவரும் கால் வைக்கக் கூடாது. கிடத்தாதவரைக்கும் பாதை மூடிவிட்டது என்று எவரும் சொல்லவும் கூடாது. பல வருஷமாக நட்டதும் கிடத்தியதும் ரூனார்தான். இந்த வருஷம் நட்டார். கிடத்த அவர் வரவில்லை.

"என் புருஷன் இன்னும் பாதையை மூடல. திறந்துதான் இருக்கு. வரவங்க வாங்க, வராதவங்க மேசையைத் துடைங்க."

"நான் வரேன் அத்தை" என்று லின்னேயா எழுந்தாள். மகள் எழுந்த பிறகு அப்பன் உட்கார்ந்திருக்க முடியுமா?

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மூன்று பேரும் மிதவை உடையில், கழுத்தில் பனியைக் கொத்தி ஏறுவதற்கான ஆணிப்பிடிகளோடு. வெயில் வெட்கமில்லாமல் அடித்தது. ஏப்ரலில் திரும்பி வர வேண்டிய கொக்குகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு போயின. அவற்றுக்கும் புத்தி பிசகிவிட்டது. பனியின் நிறம் சாம்பலாகி, அங்கங்கே கறுத்திருந்தது. ரூனாரின் கிளைகள் சாய்ந்து நின்றன. நடுக்கடலில் அவை திடீரென்று வடக்கே வளைந்து, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி மறுபடி நேராயின.

அந்த வளைவு தீவில் பெயர் பெற்ற கேலிப்பொருள். ரூனார் எதிர்க்கரைக்காரர், நீரோட்டத்தைக் கண்டால் அவருக்கு உதறல். ஓட்டத்தின் பக்கமே போகாமல் மணல்திட்டைச் சுற்றித்தான் நடுவார். "மாப்பிள்ளை ஊர்வலம் போறாரு" என்று போர்யே ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வார். அன்றைக்கும் அந்த வீறாப்பு அவரை விடவில்லை.

"நேரா போவோம். பாதி தூரம் மிச்சமாகும்."

போனார்கள். ஓட்டத்தின் மேலே வந்ததும் பனி சத்தம்கூடப் போடாமல் இறங்கியது. பெண்கள் இருவரும் படகுக்குள் விழுந்தார்கள். போர்யே வெளியே போனார், இடுப்புவரை அல்ல, தொப்பிவரை. இருவரும் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டபோது அவர் வாயிலிருந்து வந்ததை எழுத்தில் போட முடியாது. அதற்குப் பிறகு துடுப்பால் பனியை அடித்து உடைத்துக்கொண்டு போக நேர்ந்தது. கைத்தோல் உரிந்தது. அழுகை வரும்போலிருந்தது டாக்னிக்கு. அழுதால் இந்த வெயில் ஜெயித்ததாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

மாதாகோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். கல்தரையெங்கும் உப்புத்தண்ணீர் சொட்டியது. கறுப்பு உடுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்து வால்டெமார் எழுந்தார். தம்பியின் அதே மூக்கு, அதே நீண்ட கைகள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர்.

"இருக்கலாம். பெட்டியை எடுக்க வந்திருக்கேன்."

"அந்த உளுத்த ஐஸ்மேலயா? முழுகிடுவான்!"

"முழுகினா என்ன? ரெண்டாவது தடவையா சாகப்போறாரு? சாகாம பாத்துக்க வேண்டியது நாங்கதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமுவதுபோல மாற்றிக்கொண்டார்கள்.

"அவன் எங்க வீட்டுப் பிள்ளை, டாக்னி."

"ஆமா. இல்லேன்னு சொன்னேனா? பிள்ளையைப் பார்க்க ஒரு நாள் வந்தீங்களா?" அவள் குரல் உயர்ந்தது, கோயில் என்றும் பார்க்கவில்லை. "நாப்பது குளிர்காலம். ரோடு மாதிரி கெட்டியா கிடந்துச்சு கடல். உங்க வாசல்ல காரை எடுத்தா எங்க வாசல்ல இறங்கலாம். ஒவ்வொரு வருஷமும் உங்க வீட்டுப் படித்துறையிலதானே கடைசிக் கிளையை நட்டாரு? கதவைத் திறந்து, உள்ள வாடான்னு ஒரு வாய் காபி குடுத்தீங்களா? இப்ப ஐஸ் இல்ல. இப்ப வந்து கடல் முடிவு பண்ணிடுச்சுங்கறீங்க. கடல் பண்ணல. நீங்க பண்ணீங்க."

வால்டெமார் மெதுவாக உட்கார்ந்தார். பாதிரியம்மா புத்தகத்தை மூடி, "பெட்டியைத் தூக்க ஆள் வாங்க" என்றார்.

பெட்டியோடு படகு கனத்தது. போர்யேக்குப் பாதிரியம்மாவின் புருஷனுடைய கால்சட்டையும் ஸ்வெட்டரும் கிடைத்திருந்தன. பல் இன்னும் தந்தியடித்தது. நாலு பேர் தள்ளுகிற படகில் மூன்று பேர். தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. கரையில் நின்ற கூட்டம் காலைப் பார்த்துக்கொண்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வால்டெமார் வந்தார். படகுத்துறைக் கொட்டகையில் தொங்கிய மிதவை உடையைக் கறுப்பு சூட்டுக்கு மேலேயே மாட்டியிருந்தார்.

"எங்க பிடிக்கணும்?"

டாக்னி விளிம்பைக் காட்டினாள். "இங்க. முட்டியை உள்ள வைங்க. மத்தக் காலால உதைங்க. உடைஞ்சா உள்ள விழுங்க, வெளிய விழாதீங்க."

"எந்த வழியா?"

போர்யே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை வழியாவே போவோம். ஊர்வலமாவே."

கிளைகளை ஒட்டியே போனார்கள். மணல்திட்டின் மேல் பனி இன்னும் பிடித்திருந்தது. முனகியது, வளைந்தது, உடையவில்லை. வால்டெமாருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. வளைவு முடியும் இடத்தில், தீவின் வீடுகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அவர் காலடியில் பனி இறங்கியது. சொன்னபடியே உள்ளே விழுந்தார், நேராகப் பெட்டியின் மேல். இரண்டு கைகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டன. படகு தண்ணீரில் ஆடியது. அவர் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு, சின்னப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி, "டேய்... டேய்..." என்றார். அவர் முதுகு குலுங்கியது.

டாக்னி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னமும் நனைந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. அவரை அழவிட்டாள். பிறகு துடுப்பை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"போதும் எழுந்திருங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்த வெயில்கிட்ட தோக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

சாயங்கால வெயில் இருக்கும்போதே ரூனாரைப் புதைத்தார்கள். பிப்ரவரி மண் மெத்தென்று விழுந்தது. அடக்கம் முடிந்து காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாகிவிட்டது. வால்டெமார் கோப்பையை வைத்துவிட்டு, கடலைப் பார்த்தார்.

"நான் எப்படித் திரும்பறது?"

டாக்னி வாசலில் இருந்த புதரில் ஒரு ஜூனிப்பர் கிளையை ஒடித்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். எல்லாரும் பின்னால் போனார்கள். தண்ணீரும் பனியும் கலந்து கிடந்த விளிம்பில், பாதையின் வாயில், கிளையைக் குறுக்கே கிடத்தினாள். அது நகராமல் இருக்க மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள்.

"பாதை மூடியாச்சு" என்றாள், கடலைப் பார்த்து, உரக்க. பிறகு வால்டெமார் பக்கம் திரும்பினாள். "பனி கரைஞ்சு படகு போறவரைக்கும் இங்கதான். மாடியில அவர் அறை இருக்கு. காலையில ஆட்டுக்குத் தீனி வைக்கணும், சீக்கிரம் எழுந்திருக்கணும்."

போர்யேக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஆக, அண்ணனும் வீட்டோட வந்தாச்சு!"

வால்டெமார் கிளையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை. மிதவை உடையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, ஆடுகள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.