தூரம் பார்க்கும் பயிற்சி

திருமூர்த்திக்கு மூன்றாம் வகுப்பில் கண்ணாடி போட்டதும் விழுந்த பெயர் சோடாபுட்டி. சிங்காநல்லூரில் சொந்தமாகப் பம்ப்செட் பட்டறை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுத்த பிறகும், பழைய கூட்டாளிகள் கல்யாண வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதனால் மகள் கனிஷ்காவைச் சோதித்த கண் டாக்டர், “பாப்பாவுக்குக் கிட்டப்பார்வை வந்துரும்போல இருக்குதுங்க. போனைக் குறைங்க, வெயில்ல வெளையாட உடுங்க, அடிக்கடி தூரமாப் பாக்கச் சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்” என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வரவே கூடாது.

டாக்டர் சொன்னதோடு விட்டாரா என்ன? பாடத்திட்டமே போட்டுவிட்டார். பள்ளி விட்டதும் தெருவில் ஓடிப்பிடித்து விளையாட்டு. ஐந்தரைக்கு மொட்டை மாடியில் நின்று, தூரத்தில் தெரிவதையெல்லாம் அம்மா சைதன்யாவிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் குளக்கரைக்கு வாக்கிங் கிளம்பிவிடுவார். அவருக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது.

முதல் மாதம் பஸ் நம்பர், தண்ணீர்த் தொட்டி என்று போனது. அப்புறம் சலித்துப்போய்ப் பிள்ளையின் பார்வை தெருவுக்குள் இறங்கிவிட்டது. யார் வீட்டுக்கு விருந்தாளி, எந்த வாசலில் புது சோபா இறங்குகிறது, எல்லாம் சைதன்யாவுக்கு உடனுக்குடன் கிடைத்தது. கண் பயிற்சியில் இத்தனை நன்மை இருக்குமென்று அவள் நினைக்கவே இல்லை.

மறுபரிசோதனைக்கு முதல் நாள், வாக்கிங் முடித்து வந்த திருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார்.

“இன்னைக்கு என்ன அம்மணி தெரிஞ்சுது?”

“மூலை பேக்கரில நீங்க தேங்காய் பன் தின்னுட்டு இருந்தீங்கப்பா.”

ராகிக் களியோடு வந்த சைதன்யா அப்படியே நின்றாள்.

“அது நானில்ல கண்ணு. வேற யாராச்சும் இருக்கும். அத்தனை தூரத்துல ஆள் தெரியுமா?” பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, பெத்த அப்பனையே அடையாளம் தெரியலீங்களா புள்ளைக்கு?” சைதன்யா பதறினாள். “நாளைக்கு டாக்டர்கிட்ட இதையும் சொல்லிப்போடலாமுங்க. கண்ணாடி போட்டே ஆகோணும்னா போட்டுறலாம்.”

கனிஷ்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. “நான் ஒரு நாள்கூட உடாமப் பாத்தனே” என்றாள்.

திருமூர்த்திக்கு, ஒரு பன்னை மறைக்கப் பிள்ளையின் கண்மேல் பழி போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நான்தான் அம்மணி. உன்ற கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஒரு பன்னு தின்னேன்.”

கனிஷ்காவின் முகம் தெளிந்தது. “ரெண்டுங்கப்பா. ரெண்டாவதை அந்தப் பக்கம் திரும்பி நின்னு தின்னீங்க.”

மாட்டிக்கொண்ட மனிதர், பெருமை தாங்காமல் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். சைதன்யா சிரிக்கவில்லை.