பைப்படியில் ஒரு கூட்டம்

ஆபிதா பீவி ஊர்க் குடிநீர்க் குழுவில் மூன்று வருஷமாக உறுப்பினர். ஆனால் ஒரு கூட்டத்தைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. கூட்டம் நடப்பது இன்பமணியின் டீக்கடை பெஞ்சில். அங்கே எந்தப் பெண்பிள்ளை போய் உட்காருவாள்? எல்லாம் முடிந்தபிறகு செயலாளர் குமரகுருபரன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வருவார். அவளும் கையெழுத்துப் போடுவாள்.

அவளுக்குச் சொல்ல ஒரே ஒரு சங்கதிதான் இருந்தது. தண்ணீர் திறப்பது காலை பத்து மணிக்கு. சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதே பத்து மணிக்கு. தெருவில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். பீடிக்குப் போனால் தண்ணீர் போச்சு, தண்ணீருக்கு நின்றால் கூலி போச்சு. ஆறு ஓடுகிற ஊரில் இந்தக் கூத்து! ஏழு மணிக்குத் திறந்தால் போதும். வாசலில் வைத்துச் சொன்னால், "கூட்டத்துல பேசுவோம்மா" என்று அவர் நோட்டை மூடிவிடுவார்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, தன் வாயால் சொல்லி, அது தன் பேரிலேயே நோட்டில் ஏற வேண்டும் என்று ஆபிதா ஏங்கினாள். பீடி இலை நறுக்கும்போதும் அதே நினைப்பு. சவுதியிலிருந்து புருஷன் பீர் முகம்மது போனில் பேசும்போதுகூடப் பாதி மனசு அந்த பெஞ்சில்தான் கிடந்தது.

இந்த மாதம் அவள் பேனாவை வாங்கவில்லை.

"கூட்டத்துக்கு வராம கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணாச்சி."

"அதுக்கு, டீக்கடையில வந்து உக்காரப் போறியாம்மா?"

"நீங்க பைப்படிக்கு வாங்க."

பெண் உறுப்பினர் கையெழுத்து இல்லாத நோட்டை அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். வேறு வழியில்லாமல் மறுநாள் ஆண்கள் பைப்படிக்கு வந்தார்கள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. ஆபிதா ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"நியாயமாத்தான இருக்கு வே" என்றார் இன்பமணி. ஏழு மணி என்று முடிவாயிற்று.

குமரகுருபரன் எழுதி நீட்டினார். ஆபிதா வாசித்தாள். 'பீர் முகம்மது அவர்கள் வீட்டார் கேட்டுக்கொண்டபடி' என்றிருந்தது. எட்டு வருஷமாக ஊரிலேயே இல்லாத மனுஷன்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தண்ணி வந்தாச் சரி, போட்டுருட்டீ" என்று பக்கத்து வீட்டு ஷம்ஸியா இடித்தாள்.

"கேட்டது கெடச்சிட்டுல்லாம்மா, இன்னும் என்ன?" என்றார் குமரகுருபரன்.

ஆபிதா நோட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கேட்டது நான்லா அண்ணாச்சி. என் பேர எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்."