கடற்கரையில் நிற்கும் மெஷின்

"மூளை செத்துப்போச்சு" என்று இரண்டு மெக்கானிக்குகள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்த மெக்கானிக் செவெரோ காயிசாயாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எக்ஸ்கவேட்டரின் எஞ்சினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், புரியாத கோளாறுக்கெல்லாம் அதன் தலையில் பழியைப் போடுவது எல் ஆல்ட்டோ என்ற அந்த மலை நகரத்து மெக்கானிக்குகளின் வழக்கம். பெட்டி வாய் திறந்து மறுத்துப் பேசாது, பாவம்.

இந்தக் கல்குவாரியில் பழி சுமக்க ஒரு மனிதனும் இருந்தான்.

"பெட்டி தானா சாகல தம்பி, இவன் சாகடிச்சிட்டான்" என்றாள் குவாரியின் முதலாளி ஹுஸ்தினா. அவள் கை நீட்டிய இடத்தில் ஆபரேட்டர் ரெமிஹியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "கேபினுக்குள்ள தண்ணி பீச்சிக் கழுவாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? திங்கக்கிழமை வேற ஆள் வர்றான். இவன் மூட்டையைக் கட்டிக்க வேண்டியதுதான்."

"நான் கழுவல அண்ணி" என்றான் ரெமிஹியோ. எட்டு வருஷம் அவள் வீட்டு மெஷின்களை ஓட்டியவன், வயது ஐம்பத்தாறு. சண்டை போடாமல் நின்றது செவெரோவுக்கு விசித்திரமாக இருந்தது.

ஹுஸ்தினாவின் கணவன் இலாரியோன் போன வருஷம் இக்கிகே துறைமுகத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்த மெஷின் அது. கதவில் இன்னும் ஜப்பானிய எழுத்து ஒட்டியிருக்கிறது. வாங்கிய நாலாம் மாதம் அவன் இறந்துபோனான். இப்போது மெஷினும் ஸ்டார்ட் ஆனதும் கரும்புகையாகக் கக்கிவிட்டு, இருமி இருமி நின்றுபோகிறது.

செவெரோ லேப்டாப்பை இணைத்தான். ஐந்து சென்சார்களில் கோளாறு என்று திரை காட்டியது. காற்றழுத்தம் சொல்கிற சென்சாரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இங்க வந்து பாருங்க. நாம நாலாயிரம் மீட்டர் உசரத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறோம். இந்த வண்டி கடற்கரையில நிக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கு."

"நம்ம கடலைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே!" என்றாள் ஹுஸ்தினா. பக்கத்து நாட்டுடன் நடந்த போரில் கடற்கரையைப் பறிகொடுத்து நூற்றி நாற்பது வருஷம் தாண்டிய நாட்டில் அந்த நக்கல் எப்போதும் தயாராக இருக்கும். ரெமிஹியோகூடச் சிரித்துவிட்டான். அவள் முறைத்ததும் சிரிப்பு அடங்கியது.

கடற்கரை என்று நம்பிக்கொண்டு டீசலை அள்ளி ஊற்றினால், இந்த மெல்லிய காற்றில் எஞ்சினுக்குப் புரையேறாமல் என்ன ஆகும்? அதுவரை சரி. ஆனால் ஐந்து பேருக்கு ஒரே நாளில் வயிறு கெட்டால், ஐந்து பேரையும் குறைசொல்ல முடியாது. எல்லாரும் சாப்பிட்ட பானையைத்தான் பார்க்க வேண்டும். செவெரோ காற்றழுத்த சென்சாரைக் கழற்றிக் கீழே வைத்தான். திரையில் அதன் அளவு அப்படியே இருந்தது. கழற்றி வைத்த சென்சார் எப்படிப் பேசும்? அதன் ஒயரில் வேறு எங்கிருந்தோ மின்சாரம் கசிகிறது. ஐந்து ஒயர்களும் சேரும் இடம் கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்.

பெட்டி ஆபரேட்டர் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பிளக்கை உருவினான். ஈரம் புகாமல் காக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. மூக்கருகே கொண்டுபோனான். புளித்த வாடை. பின்களுக்கு நடுவே பிசுபிசுவென்று ஏதோ காய்ந்திருந்தது. அதில் நகத்தளவு ஊதா நிறக் காகிதப் பொட்டு ஒட்டியிருந்தது.

கார்னிவல் திருவிழாவின் செவ்வாய்க்கிழமையன்று தூவுகிற காகிதம். மூன்று வாரத்துக்கு முன் குவாரிக்குக் குவாரி மெஷின்களுக்கு வண்ணத்தாள் சுற்றி, பூமித்தாய்க்குப் பீர் ஊற்றினார்கள். ஊற்றுவது மெஷினின் சொந்தக்காரர் கை.

செவெரோ தலையைத் தூக்கினான். கேபின் படியில் நின்ற ரெமிஹியோ அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம்" என்பதுபோல் தலையை அசைத்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" செவெரோ குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணன் போனப்புறம் மொதல் பூசை. அவர் மெல்லுற கோக்கா இலைப் பையை வெக்கிற இடம் இதுதான். அண்ணி ஒரு முழு பாட்டிலையும் இங்க கவுத்துட்டு அழுதாங்க. இது வெளிய தெரிஞ்சா, பூமித்தாய் இவ குடுத்ததைத் துப்பிட்டாளாம்னு ஊர் பேசும். விடு தம்பி. எனக்கு வேற வேலை கிடைக்கும்."

"இந்த வயசுலயா? யாருகிட்ட கதை விடுறீங்க?"

செவெரோ பின்களைத் துடைத்து, மருந்தடித்துக் காயவைத்து, புது வளையம் போட்டுப் பிளக்கைச் செருகினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு பொட்டு கரும்புகை இல்லாமல் எழுந்து ஓடியது.

"பார்த்தியா தம்பி? இவன் கழுவின தண்ணிதானே?" என்று கீழேயிருந்து கத்தினாள் ஹுஸ்தினா.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வாயில்லாத பெட்டிமேல் பழி போட்டாலே பொறுக்காதவன், வாயை மூடிக்கொண்ட மனிதன்மேல் போட்டால் பொறுப்பானா? இறங்கிவந்து உள்ளங்கையை நீட்டினான்.

"தண்ணியில இது வராது அக்கா."

அவள் ஊதாப் பொட்டைப் பார்த்தாள். எடுத்து முகர்ந்தாள். முகம் சுருங்கிப்போனது.

"நான்தானா?"

"நீங்க ஊத்துனதுல தப்பில்ல. எவனோ ஒருத்தன் இதைக் கழட்டி மாட்டுறப்ப ரப்பர் வளையத்தைத் தொலைச்சிருக்கான். அது இருந்திருந்தா நீங்க பீப்பாயைக் கவுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. பூமித்தாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ரெமிஹியோவின் பக்கம் திரும்பியிருந்தாள்.

"நீ அன்னைக்கு என் பக்கத்துலதானே நின்ன? மூணு வாரமா நாயைத் திட்டுற மாதிரி திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது அண்ணி?" ரெமிஹியோ தொப்பியைத் திருகினான். "நீங்க அண்ணனுக்குக் குடுத்ததை நான் பிடுங்கின மாதிரி ஆயிடும்."

ஹுஸ்தினா அங்கேயே போனை எடுத்தாள். "திங்கக்கிழமை வர வேணாம்பா. எங்கிட்ட ஆள் இருக்கான்" என்று சொல்லி வைத்தாள். பிறகு மடித்துணியை அவிழ்த்து, கை நிறையக் கோக்கா இலையை அள்ளினாள். மன்னிப்புக் கேட்கிறவர்கள் நீட்டுவதைப் போல இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அவன் தொப்பியை ஏந்தி வாங்கிக்கொண்டான்.

"அடுத்த வருஷம் நீயே ஊத்து" என்றாள்.

"ஊத்துறேன் அண்ணி. ஆனா வெளிய, சக்கரச் சங்கிலி மேல."