றோலண்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இக்னேசியஸ் மாஸ்டர் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமைகளில் நுவரெலியாவில் துரைமார் ஆடும் கிளப்பில் ஜாஸ் பேண்டுக்கு டிரம் அடித்தார். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லய வீட்டில் பிறந்த ஒருவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த மேடையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் அவருடையது.

1961 மார்ச்சில் மழையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பேண்ட் தலைவர் மஸ்கெலியாவிலிருந்து றோலண்ட் என்பவனைக் கூட்டிவந்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின் பழுதுபார்க்கிறவன். கேட்டுக் கேட்டே டிரம் பழகியவன். தாளில் எழுதிய சங்கீத நோட்டு வாசிக்கத் தெரியாது.

பிழை பிடிக்கலாம் என்றுதான் மாஸ்டர் கட்டுப் போட்ட கையோடு கிளப்புக்குப் போனார். முதல் பாட்டிலேயே துரைசாணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். தான் அடித்தபோது ஒருத்தியும் அப்படி ஆடியதில்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் கை குணமான பிறகும் ஆறவில்லை.

ஜூனில் கொழும்பு ஹோட்டல் ஒன்று டிரம் அடிக்க ஆள் தேடியது. நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும். றோலண்ட் மாஸ்டர் வீட்டுக்கே வந்தான்.

"மாஸ்டர், நீங்கதான் எனக்கு நோட்டு சொல்லித் தரணும்."

"முப்பது வயசாச்சு. இனிமே உனக்கு ஏறாதுப்பா."

பொய். நாற்பது வயதுக்காரர்களுக்கே அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். றோலண்ட் தலையாட்டிவிட்டுப் போனான். மாஸ்டர் அன்றைக்கே அந்த ஹோட்டல் வேலைக்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

ஆகஸ்டில் தேர்வுக்குப் போனால், ஹோட்டல் வாசலில் றோலண்ட் நிற்கிறான். இருவருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார்கள். மாஸ்டர் பிசகில்லாமல் அடித்தார். றோலண்டும் பிசகில்லாமல் அடித்தான். ஆனால் அவன் அடித்தபோது சமையல்காரர்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து கதவருகே நின்றார்கள். வேலை அவனுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும், "எவன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான்?" என்று கத்தினார்.

அவர் மனைவி அந்தோனியம்மா மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள். "நான்தாங்க," என்றாள். "பூசை முடிஞ்சு, ஞாயித்துக்கிழமையில."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார். கிளப்பில் பழைய இடத்தில் உட்கார்ந்து அடித்தார். யாரும் குறை சொல்லவில்லை, புகழவுமில்லை.

கிறிஸ்மஸுக்கு அந்தோனியம்மாவுக்கு றோலண்டின் கடிதம் வந்தது. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மாஸ்டர் அதை எடுத்துப் படித்தார். கடைசியில், 'மாஸ்டருக்கு என் வணக்கம். அவருடைய கணக்கான அடி எனக்கு இன்னும் வரவில்லை' என்று எழுதியிருந்தான்.

அவன் மெய்யாகத்தான் எழுதியிருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.