கிளட்சுக்கு எண்ணெய் வைத்தவர்கள்

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, நான் எழுதிய ஒரு தவறான வரியில் பிறந்தது. 1972இல் திருவள்ளூரில் பவர் டில்லர் என்ற உழவு வண்டி விற்கும் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். வண்டியோடு கொடுக்கும் பராமரிப்புத் தாளைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘வாரம் ஒருமுறை எல்லாப் பாகங்களுக்கும் எண்ணெய் விடவும்’ என்று எழுதினேன். ‘கிளட்சைத் தவிர’ என்று சேர்க்கவில்லை. எனக்கு உழவும் தெரியாது, கிளட்சும் தெரியாது. தமிழ் தெரியும் என்ற திமிர் மட்டும் இருந்தது.

2

தொடக்கம் அ: ‘ஐப்பசி மழையில் ஆரணி ஆறு...’ (வேண்டாம். மழையில் ஆரம்பிக்கும் கதைகள் நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன.)

தொடக்கம் ஆ: ‘யாரும் பார்க்காத நேரத்தில் அரசப்பன் கிளட்சுக்குள் எண்ணெயை...’ (பொய். ஒரு வில்லன் கிடைத்தால் நான் தப்பித்துக்கொள்ளலாமே என்ற ஆசை.)

நடந்தது இதுதான். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கனகாம்பாளுக்கு ஒன்றரை ஏக்கர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, கொழுந்தன் அரசப்பன் தடுத்தும் கேட்காமல், உழவுமாட்டை விற்று டில்லர் வாங்கினாள். ஆயுத பூஜையன்று என் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வண்டியைக் கழுவி, கிளட்ச் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தட்டுகளுக்கும் நல்லெண்ணெய் தடவி, மூடி, மேலே சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் எஞ்சின் அலறியது. சக்கரம் நகரவில்லை.*

* தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் எஞ்சினின் வேகம் சக்கரத்துக்குப் போகும். எண்ணெய் பட்டால் வழுக்கும். இது எனக்கு அப்போது தெரியாது.

3

கடைக்குத் தகவல் வந்தபோது எங்கள் மெக்கானிக் வரதன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு நான் போனேன். நாற்றுக்கு முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. மறுநாள் விடிந்தால் நடவுப் பெண்கள் வந்துவிடுவார்கள்; அதற்குள் தண்ணீர் கட்டிய வயலைச் சேறாக உழுது சேடை ஓட்டியாக வேண்டும். வரப்பில் அரசப்பன் நின்றிருந்தான்.

“காலைக்குள்ள சேடை ஓட்டலன்னா நெலத்த நான் பாத்துக்கறேன் அண்ணி. ஒங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

அவன் ‘பார்த்துக்கொண்டால்’ நிலம் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். “காலைக்கு இன்னும் நேரம் கீது” என்றாள்.

பெல்ட்டை இறுக்கினோம். வழுக்கியது. லீவர் கம்பியைப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. மூடியைக் கழற்றியதும் நல்லெண்ணெய் வாசனை வந்தது. “உள்ளயும் எண்ணெய் வெச்சீங்களாக்கா?” என்றேன்.

“தாள்ல போட்டுக்கீதே, அப்டியே செஞ்சேன்” என்று எடுத்துக் காட்டினாள். பூஜையில் வைத்த தாள். நான்கு மூலையிலும் மஞ்சள்.

தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினோம். மறுபடி வழுக்கியது. (இந்த இடத்தில் நான் ஊருக்குக் கிளம்பியதாக ஒரு பிரதி இருக்கிறது. கிளம்பத்தான் பார்த்தேன். “உக்காருப்பா, மறுபடி கழட்டலாம்” என்றாள்.) குறிப்பைப் பார்த்தேன். பெட்ரோல் என்று இருந்தது. அவள் நேரே அரசப்பனிடம் போனாள்.

“ஒன் மோட்டார் சைக்கிள்லேர்ந்து ரெண்டு பாட்டில் பெட்ரோல் குடு.”

எப்படியும் ஓடாது என்ற நினைப்பில் அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். தட்டு தட்டாகக் கழுவினாள், வெயிலில் உலர்த்தினாள், உப்புத்தாளால் தேய்த்தாள். விரல் தோல் உரிந்தது, நிறுத்தவில்லை. சாயங்காலம் லீவரைப் போட்டதும் சக்கரம் சேற்றைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரசப்பன் வரப்பை விட்டுப் போய்விட்டான்.

4

இரவோடு இரவாக ஒன்றரை ஏக்கரையும் ஓட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்:

“இந்தத் தாள எழுதனது யாருப்பா?”

“தெரியலக்கா.”

“பாத்தா சொல்லு. நான் முழுசாப் படிச்சது இது ஒண்ணுதான். எழுத்துல இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்.”

ஏழு வருஷமாகக் கதை இந்த இடத்தில்தான் நிற்கிறது. அன்றைக்கே ‘நான்தான்க்கா’ என்று சொன்னதாக முடிவை மாற்றிவிடலாம், பேனா என் கையில்தானே இருக்கிறது. மாற்றினால் அவள் கையில் இன்னொரு தவறான தாளைக் கொடுத்தவன் ஆவேன். ஆகவே ‘தெரியலக்கா’ அப்படியே இருக்கட்டும்.

இது அச்சானதும் ஆரணிக்கு பஸ் ஏறுவேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். முடிவை அந்த ஒரு வாசகர் சொல்லட்டும். நான் எழுத வேண்டியது ஒரு வரிதான் பாக்கி.

அக்கா, அந்தத் தாளை எழுதியவன் நான்.