விசிலுக்கு ஓடிய ராணி

"மாமா, ராணி இன்னாத்துக்கு ஓடுறவங்கள மட்டும் புடிக்குது?" என்று ஜானட் ஒருநாள் கேட்டாள். பக்கத்து வீட்டு இருதயம்மாளின் ஒரே மகள், ஏழு வயது.

"அதுக்கு அதாம்மா டூட்டி" என்று ஹென்றி பெருமையாகச் சிரித்தார்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் அவர் வாட்ச்மேன். தன் நாய் ராணியைக் குட்டியிலிருந்தே அங்கு வைத்துப் பழக்கியிருந்தார். அவர் விசில் ஊதினால் போதும், ஓடுகிறவன் காலைக் கவ்விவிடும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, ஈஸ்டருக்கு மறுநாள். ராயபுரத்துத் தேவாலயப் பங்கு மக்கள் வழக்கம்போல் இரண்டு வேன்களில் எண்ணூர் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். ராணியும் ஏறியது.

"இன்னாண்ணா, கொயந்தைங்க ஓடியாடுற எடத்துக்கு நாய இட்டாந்துகீற?" என்றாள் இருதயம்மாள்.

"கட்டிப் போட்டுக்கிறேம்மா. அதுவும் கடலப் பாக்கட்டுமே."

"பிரியாணில ராணியம்மாவுக்கும் ஒரு பங்கு கீதுப்பா!" என்றார் பிக்னிக்கை ஏற்பாடு செய்த அம்புரோஸ். வேனே சிரித்தது.

கடற்கரையில் சவுக்கு மரத்தில் கட்டிய ராணி விடாமல் முனகியது. மனம் கேட்காமல் ஹென்றி கயிற்றை அவிழ்த்துவிட்டார். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இருதயம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

அம்புரோஸ் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். ஓட்டப் பந்தயம். அவர் விசிலை வாயில் வைத்ததைக் கண்டபிறகுதான் ஹென்றிக்கு உறைத்தது. "ஊதாத!" என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் ஊதியாகிவிட்டது.

எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் ஜானட். மணலில் அவள் குப்புற விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கெண்டைக்காலில் ராணியின் வாய் இருந்தது. ஹென்றி ஓடிப்போய் இழுத்ததும் ராணி விட்டது. விட்டுவிட்டு, பாராட்டுக்காக வாலை ஆட்டியபடி அவர் முகத்தைப் பார்த்தது.

யாரோ காயத்தில் அப்புவதற்குக் காப்பித்தூளை எடுத்து வந்தார்கள். பக்கத்தில் குடும்பத்தோடு வந்திருந்த ஹபீபுல்லா என்ற ஆட்டோக்காரர் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினார்.

"நாய அடிச்சிடாதீங்க. பத்து நாள் உசுரோட கீதான்னு பாக்கணும்" என்றார் கட்டை தூக்கியவர்களிடம்.

"எவன்யா அத அவுத்து வுட்டது?" என்று ஒருவர் உறுமினார்.

ஹென்றி ராணியைத் தன் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டார். மகளின் தலையை மடியில் வைத்திருந்த இருதயம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "கயிறு தானா அவுந்துகிச்சு. பாப்பாவப் பாருங்க மொதல்ல."

ஹபீபுல்லாவின் ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பதினான்கு நாளும் ஹென்றிதான் ஜானட்டைத் தூக்கிப்போனார். ராணிக்கு வெறிநோய் இல்லை; குழந்தையும் கர்த்தர் கிருபையால் தேறினாள். ஆனால் ராணியின் வாசம் பட்டாலே தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். இருதயம்மாள் அவரிடம் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மறு ஆண்டும் வேன் வந்தது.

"ராணி இல்லாம பிக்னிக்கா? வாய்க்கூடு மாட்டி இட்டாப்பா" என்றார் அம்புரோஸ்.

"எனக்கு டூட்டி கீது. நீங்க போய் வாங்க."

சிறுவயதிலிருந்து அந்த நாளில் ஹென்றி கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை. வேன்கள் போனபின் தெருவில் ஆள் இல்லை. கிடங்கில் லீவு சொல்லியிருந்த ஹென்றி, கதவை உள்ளே தாழிட்டு, ராணிக்குத் தண்ணீர் வைத்து, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை இன்று பயமில்லாமல் ஓட வேண்டும் என்று ஜெபமாலையைக் கையில் எடுத்தார்.