ஐந்து படகுகள்

ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஜனீன். போர்வையின் மேல் கிடந்த அம்மாவின் விரல்கள் மறுபடியும் அசையத் தொடங்கின.

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டாங்க." கதவருகே நின்றிருந்த தம்பி டேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வலிதான். நர்ஸ் வந்ததும் மருந்தைக் கூட்டச் சொல்லப் போறேன்."

"கூட்டினா அப்புறம் முழிக்கவே மாட்டாங்கடா."

"முழிச்சு? மறுபடி உன்னை யாருன்னு கேக்கணுமா?"

ஜனீனுக்குச் சுருக்கென்றது. பெர்த்திலிருந்து வந்து இறங்கியவளைப் பார்த்து, "நீங்க புது நர்ஸாம்மா?" என்றுதான் கேட்டிருந்தாள் அம்மா நோயலீன். அதுவே அம்மா அவளிடம் பேசிய கடைசிப் பேச்சாகிவிடுமோ என்று ஜனீன் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள்.

டேரன் குரலைத் தணித்தான். "மனசுல வச்சுக்காத ஜேன். குளிரு காலம் பூரா நான் ஒருத்தனாவே பாத்துட்டேன். இதுக்கு மேல என்னால பாக்க முடியல."

நர்ஸ் மாரிவிக் வந்தாள். வயாலா ஊரின் பாதிக் கிழவர்களை அவள்தான் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறாள். காலணியின் செம்மண்ணை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்து, நோயலீனின் நெற்றியைத் தொட்டாள்.

"கடைசியில நிறைய பேரு இப்படிப் போர்வையைப் பிராண்டுவாங்க. முகத்தைப் பாருங்க, சுளிப்பு இல்லை. ஆனா நீங்க ரெண்டு பேரும் சொன்னீங்கன்னா கூட்டறேன்."

டேரன் அக்காவைப் பார்த்தான். ஜனீன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரல் விட்டுவிட்டுத் தட்டியது. பிறகு வலது சுண்டுவிரல் மட்டும் ஒதுங்கிப் போய் ஒரு குத்துக் குத்திவிட்டுத் திரும்பியது.

"பிராண்டல," என்றாள். "டைப் அடிக்கிறாங்க. கட்டைவிரலைப் பாருடா, இடம் விடுது."

நோயலீன் இரும்பு ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது யாரோ பயன்படுத்திய கணினி ஒன்றை வாங்கி வந்தாள். டிவியோடு இணைக்கிற ஒரு விசைப்பலகைதான் அது. விளையாட்டு டேப் வாங்குவதெல்லாம் பெரிய வீட்டுச் சமாச்சாரம். பத்திரிகைக் கடையில் கிடைத்த மாத இதழ்களில் ஒவ்வொரு விளையாட்டும் கணினிக்கான கட்டளைகளாக, எண் போட்டு வரி வரியாக அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். பிள்ளைகள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நகருங்க. யாராவது படிங்க," என்று உட்கார்ந்தாள் நோயலீன்.

அன்றிலிருந்து அதுதான் சாயங்கால வேலை. ஜனீன் படிப்பாள். அம்மா விசைகளைப் பார்க்காமல் அடிப்பாள். டேரன் டிவித் திரையில் விரல் வைத்துச் சரிபார்ப்பான். ஒரு கமா விட்டுப்போனாலும் விளையாட்டு ஓடாது. மூன்று பேரும் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு தேடுவார்கள். "வாயில ரொட்டியை வச்சுக்கிட்டு கமான்னா எனக்கெங்க காதுல விழும்?" என்று சிரிப்பாள் அம்மா.

அப்படி அடித்ததில் ஒன்றுதான் 'படகு'. பாறைகளுக்கு நடுவே நுழைந்து மீன் பிடிக்க வேண்டும். படகு ஒரு எழுத்து, மீன் ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். பாறையில் மோதினால் ஒரு படகு போகும், எல்லாப் படகும் போனால் தோல்வி. டேரன் பிற்பாடு எத்தனையோ வாங்கி ஆடிவிட்டான். ஆனாலும் பிடித்த விளையாட்டு எது என்று யாராவது கேட்டால் 'படகு' என்றுதான் சொல்வான். கேட்டவர்கள் விழிப்பார்கள்.

"அந்தப் புத்தகம் இருக்கா?" என்றாள் ஜனீன்.

"எதுக்கு?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் போனான். ஓரத்தை எலி தின்றிருந்த இதழை ஊதிக்கொண்டே வந்தான். மாரிவிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "படிங்க. எனக்கு அவசரமில்லை."

ஜனீன் கண்ணாடியை மாட்டினாள். "இவ்வளவு பொடியாவா இருந்துச்சு எழுத்து?"

"உனக்கு வயசாயிடுச்சு."

"போடா." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பத்து. பிரிண்ட். மேற்கோள். படகு. மேற்கோள் முடிஞ்சது."

விரல்கள் நின்றன. பின் அவள் படித்த வேகத்திலேயே நகர்ந்து, வரி முடிவில் சுண்டுவிரலைத் தட்டிவிட்டுக் காத்திருந்தன. அடுத்த வரிக்கும் அப்படியே. டேரன் மெல்ல வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஜனீனின் குரல் கம்மியபோது புத்தகத்தை வாங்கி அவன் படித்தான்.

"அம்பது. எல் ஈக்குவல் மூணு." நிறுத்தினான். "மூணா? நமக்கு அஞ்சு படகுல்ல இருந்துச்சு?"

"அஞ்சுதான். நல்லா ஞாபகம் இருக்கு."

"இங்க மூணுன்னுதானே போட்டிருக்கு. நீ தப்பாப் படிச்சிருப்ப."

"நானா? ஒரு கமா விட்டதுக்கு உன் தலையில குட்டினவ நான்."

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். உதடு அசைந்தது. ஜனீன் குனிந்தாள்.

"அஞ்சு போட்டேன்," என்றாள் நோயலீன். காற்று மாதிரித்தான் வந்தது. கண் பாதி திறந்திருந்தது. "அவன்கிட்ட சொல்லிடாத ஜேன். தோத்தா சின்னவன் அழுவான்."

ஜனீன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லல. சொல்ல மாட்டேன்மா."

டேரன் புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தான். "அறுபது," என்றான்.

மருந்தைக் கூட்டுவது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மாற்றி மாற்றிப் படித்தார்கள். எலி தின்ற இடங்களில் டேரன் வாய்க்கு வந்ததைச் சொல்லி நிரப்பினான். "இந்த லட்சணத்துல ஓடவே ஓடாது," என்றாள் ஜனீன். பாறைகளை வரைகிற வரிகள் வந்தபோது விரல்கள் தயங்கின. அவள் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. ஒரு வரியின் நடுவில் மாரிவிக் எழுந்து வந்து, நோயலீனின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, ஜனீனின் தோளில் கை வைத்தாள்.

ஜனீன் நிறுத்தினாள்.

"அந்த வரியை முடிச்சிடு," என்றான் டேரன்.

முடித்தாள்.

சவ அடக்கக்காரர்களின் வண்டி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கார் நிறுத்தும் பாதை குறுகலானது. வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். டேரன் குப்பைத் தொட்டியை ஓரமாக உருட்டிவிட்டு, வீட்டுச் செருப்போடு புழுதியில் நின்று வழிகாட்டினான்.

"வரட்டும், வரட்டும். கொஞ்சம் இடது பக்கம். வரட்டும். போதும்."

ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். டேரன் தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான். ஜனீன் வலைக் கதவை முழுக்கத் திறந்து, மூடிவிடாமல் காலால் பிடித்துக்கொண்டாள்.